ஃபியூஸ் போர்டை மாற்றியதிலிருந்து ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கிறது, கழற்றிவிடலாமா?

6 அக்டோபர் 2024 (வாசகர் கேள்வி)

திருவாரூர் பக்கம் அப்பா 1986-இல் கட்டிய வீடு. மரப்பலகையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் வரிசையாக இருந்த பழைய மெயின் போர்டை எடுத்துவிட்டு, போன மாதம் புதிய டிபி பெட்டி (மின்பகிர்வுப் பெட்டி) வைத்தோம். ஒரு 40 ஆம்பியர், 30 எம்ஏ (மில்லி ஆம்பியர்) ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச். அதன் கீழ் ஃபியூஸ்களுக்குப் பதிலாக, சுமை மீறினால் விழும் எட்டு எம்சிபி. எல்லா அறைக்கும் எர்த் ஒயரும் இழுத்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஆர்சிசிபி விழுகிறது. பகலில் ஒழுங்காக நிற்கும். மாலை ஆறரைக்கு மேல் ஆரம்பித்துவிடும். எலக்ட்ரீஷியன் ஒரு முறை ஆர்சிசிபியையே மாற்றிப் பார்த்தார். புதியதும் விழுகிறது. "இந்த வீட்டு ஒயரிங்குக்கு இது ஒத்துவராது, கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம்" என்கிறார் இப்போது. இத்தனை வருடம் ஃபியூஸ்கூடப் போகாத வீடு. கழற்றிவிடலாமா?

6 அக்டோபர், இரவு

கழற்றாதீர்கள்.

ஃபியூஸ் போகவில்லை என்பது வீட்டுக்கு நற்சான்றிதழ் அல்ல. 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி உருக 5 ஆம்பியருக்கும் மேலே தாராளமாகப் போக வேண்டும். ஆர்சிசிபி விழுவதற்கு 0.03 ஆம்பியர் போதும். அதுவும் ஒயரில் எவ்வளவு போகிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. கல்யாணப் பந்தியில் எத்தனை இலை போட்டோம், எத்தனை இலை எடுத்தோம் என்று எண்ணிக்கொண்டு நிற்பவரைப் போல, ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டும் பார்க்கும். குறைந்தால், குறைந்தது வேறு வழியில் போகிறது என்று பொருள். அந்த வழி எர்த் ஒயராக இருக்கலாம், ஈரச் சுவராக இருக்கலாம், ஈரக் கையோடு நிற்கிற ஆளாகவும் இருக்கலாம்.

இரண்டாவது ஆர்சிசிபியும் அதே மாலை நேரத்தில் விழுகிறது என்றால் பெட்டியின் மேல் பழி போட இடமில்லை. வீட்டுக்குள் ஏதோ இருக்கிறது. எலக்ட்ரீஷியன் 100 எம்ஏ போடலாம் என்று அடுத்து சொல்வார். வீட்டு இணைப்புக்கு 30-ஐத் தாண்டக் கூடாது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. அந்த எண்ணைச் சும்மா வைக்கவில்லை. நெஞ்சு வழியாக அதைத் தாண்டிப் போனால் இதயம் தாளம் தப்பும் அபாயம் ஏறிக்கொண்டே போகும்.

மாலை என்றால் முதலில் வாட்டர் ஹீட்டர், வெளி விளக்கு, வாசல் பல்பு. இவற்றின் எம்சிபியை இறக்கி வைத்துவிட்டு ஒரு மாலை பாருங்கள்.

7 அக்டோபர்

ஒன்று சேர்க்க மறந்துவிட்டேன். ஆர்சிசிபியில் 30 எம்ஏ என்று எழுதியிருந்தாலும் ஐஎஸ் 12640 என்ற இந்தியத் தரத்தின்படி அது 15 வரை நிற்க வேண்டும், 30-இல் கண்டிப்பாக விழ வேண்டும். நடுவில் எங்கே விழுவது என்பது ஒவ்வொரு பெட்டிக்கும் மாறும். பக்கத்து வீட்டில் நிற்கிறதே, எங்கள் வீட்டில் ஏன் நிற்கவில்லை என்று கேட்பவர்களுக்காக இது.

8 அக்டோபர்

பதில் வந்திருக்கிறது: "எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டேன். வீடு முழுக்க இருட்டு. அப்போதும் ஏழு மணிக்கு ஆர்சிசிபி விழுந்தது. எலக்ட்ரீஷியன் சிரிக்கிறார், பேய் என்கிறார்."

பேய் இல்லை. பாதி விடை இது.

உங்கள் எம்சிபிகள் ஒரு போல் எம்சிபிகள். ஃபேஸை மட்டும்தான் வெட்டும். எட்டையும் இறக்கினாலும் எட்டு நியூட்ரல் ஒயரும் நியூட்ரல் பட்டையில் இறுகக் கட்டியபடியே இருக்கும். அந்த எட்டில் ஒன்று எங்கேயாவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், வீட்டில் ஒரு பல்பும் எரியாவிட்டாலும் ஆர்சிசிபி விழும். நியூட்ரல் என்றால் பூஜ்யம் வோல்ட் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் வீட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் எப்போதும் இருக்கும். நியூட்ரல் எர்த்தைத் தொடும் இடத்தில் அந்த ஓரிரு வோல்ட் உங்கள் எர்த் குழி வழியாகப் பூமிக்குள் இறங்கப் பார்க்கும். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் ஓடும் மாலை நேரத்தில் மூன்று ஃபேஸுக்கும் சுமை சமமாக இருக்காது, நியூட்ரலில் வோல்ட் ஏறும்.

ஆகவே வாட்டர் ஹீட்டரைப் பற்றி நான் சொன்னதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தேட வேண்டியது நியூட்ரலை.

8 அக்டோபர், சற்று நேரம் கழித்து

"எம்சிபியை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இங்கும் இருவர் சொல்லியிருக்கிறார்கள். ஃபேஸ் கசிந்தால் அது சரி. நியூட்ரல் கசிந்தால் அந்த வழி உங்களைத் தவறான அறைக்கு அனுப்பிவிடும். சுமை ஏறினாலே நியூட்ரலில் வோல்ட் ஏறுவதால், அயர்ன் பாக்ஸ் போட்டதும் விழும். அயர்ன் பாக்ஸ் மேல் ஒரு தப்பும் இருக்காது. நல்ல மிக்ஸிகளும் நல்ல மோட்டார்களும் இப்படித் தண்டனை பெற்றுக் கடைக்குப் போயிருக்கின்றன.

11 அக்டோபர்

நியூட்ரல் பேச்சு வந்ததால் எங்கள் வீட்டுக் கதை. மன்னார்குடியில் அப்பா வீட்டுக்கு நானே நின்று போர்டு மாற்றினேன். நூற்பாலையில் மின் பராமரிப்பில் வேலை பார்த்தவன் என்ற தெனாவெட்டில் கீழ்த் தளத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என இரண்டு ஆர்சிசிபி வைத்தேன். ஒன்று விழுந்தாலும் மற்ற தளத்தில் வெளிச்சம் இருக்கட்டும் என்பது எண்ணம். யோசனை நல்லதுதான்.

மாடிப்படி விளக்கைப் போட்டால் இரண்டும் சேர்ந்து விழுந்தன.

படி விளக்குக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். பழைய வயர்மேன் ஃபேஸைக் கீழ்த் தளத்திலிருந்து எடுத்திருக்கிறார்; நியூட்ரலை, கைக்கு எட்டிய மாடி ஜங்ஷன் பாக்ஸிலிருந்து எடுத்திருக்கிறார். ஒயர் மிச்சம். எல்லா நியூட்ரலும் ஒரே லிங்க்கில் (நியூட்ரல்களைச் சேர்த்துக் கட்டும் பட்டையில்) இருந்த காலத்தில் அதில் ஒரு பிழையும் கிடையாது. இரண்டு ஆர்சிசிபி வந்ததும் கீழ் ஆர்சிசிபி வழியாகப் போன மின்சாரம் மேல் ஆர்சிசிபி வழியாகத் திரும்புகிறது. அதற்கும் கணக்கு உதைக்கிறது, இதற்கும் கணக்கு உதைக்கிறது.

இதில் என்னைச் சுற்றவிட்டது ஒரு சின்ன விஷயம். படியில் அம்மா இரவு நேரத்துக்காக அரை வாட் நைட் பல்பை மாட்டியிருந்த நாட்களில் எதுவும் விழவில்லை. 9 வாட் எல்இடி மாட்டினால் விழுந்தது. 'பல்பு கெட்ட பல்பு' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக இருந்தேன். கணக்கு எளிது: 9-ஐ 230-ஆல் வகுத்தால் 39 எம்ஏ; மலிவு எல்இடி அதற்கும் மேலே இழுக்கும். அரை வாட் பல்பு இழுப்பது ஏதோ இரண்டு மூன்று எம்ஏ. அந்த விளக்கின் மின்சாரம் முழுவதும் ஆர்சிசிபிக்குக் கசிவாகத் தெரிந்திருக்கிறது, பல்பு பெரிதானதும் எல்லை தாண்டிவிட்டது. கீழிருந்து ஒரு நியூட்ரல் இழுத்துக் கொடுத்ததும் தீர்ந்தது. பைப்பில் இடமில்லை என்று வெளியே பட்டி அடித்துப் போனது மட்டும் அம்மாவுக்கு இன்னும் பிடிக்கவில்லை.

13 அக்டோபர்

வாட்டர் ஹீட்டர் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு. போட்ட உடனே விழாமல், தண்ணீர் பாதி சூடானபின் விழுந்தால் எலிமெண்ட்தான். உப்புத் தண்ணீர் ஊர்களில் எலிமெண்ட்டின் உறையில் மயிரிழை வெடிப்பு விடும். உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்ஸைடு பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சில எலிமெண்ட்டுகள் நேர்மாறு: பல நாள் சும்மா கிடந்தபின் முதல் தடவை விழும், இரண்டு மூன்று தடவை ஏற்றிப் போட்டால் பொடி காய்ந்து நல்ல பிள்ளையாகிவிடும். "தானாகச் சரியாகிவிட்டது" என்று அதை விட்டுவிடாதீர்கள். வெடிப்பு அங்கேயேதான் இருக்கிறது. எலிமெண்ட்டை மாற்றுங்கள், விலை பெரிதில்லை.

16 அக்டோபர்

சுவாரசியமான தகவல் வந்திருக்கிறது. இங்கே ஒருவர் "எர்த் சரியில்லை, குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று யோசனை சொன்னதை நம்பி, திருவாரூர் நண்பர் உப்பும் கரித்தூளும் போட்டு, குடம் குடமாக ஊற்றியிருக்கிறார். விளைவு: இப்போது பகலிலும் விழுகிறது.

யோசனை சொன்னவர் மௌனமாகிவிட்டார். தேவையில்லை, வாருங்கள், தெரியாமலேயே நல்ல சோதனை ஒன்றைச் செய்துகொடுத்திருக்கிறீர்கள்.

காய்ந்து கிடந்த குழியின் எதிர்ப்பு 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் நியூட்ரலில் 1 வோல்ட் இருந்தால் குழியில் இறங்குவது 10 எம்ஏ; ஆர்சிசிபி நிற்கும். மாலையில் 4 வோல்ட் ஆனால் 40 எம்ஏ, விழும். உப்பு போட்டுத் தண்ணீர் ஊற்றி எதிர்ப்பு 20 ஓமுக்கு இறங்கினால் பகலின் அந்த 1 வோல்ட்டே 50 எம்ஏ தரும். எர்த் நன்றாக ஆக ஆகத் தொல்லை கூடுகிறது என்றால் நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மல்டிமீட்டர் இருந்தால் ஆர்சிசிபியை இறக்கிவிட்டு, அதற்கு மேல்பக்கம் வரும் நியூட்ரலுக்கும் எர்த் பட்டைக்கும் நடுவே ஏசி வோல்ட் பாருங்கள், மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை. ஆர்சிசிபி இறங்கியிருந்தாலும் மேல்பக்க முனைகளில் மின்சாரம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைச் செய்யச் சொல்லுங்கள்.

17 அக்டோபர்

மதியம் 1.2, இரவு ஏழே காலுக்கு 4.6 வோல்ட்டாம். சரி.

இனி தேடும் வேலை. மெயின் சுவிட்சை இறக்கி, இறங்கிவிட்டதா என்று டெஸ்டரில் பார்த்து, வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, நியூட்ரல் பட்டையிலிருந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றி, அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் பாருங்கள். நல்லது ஒன்றும் காட்டாது. கெட்டது சில ஓம் காட்டும். ஒயருக்கு எண் ஒட்டிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள்; எட்டும் கறுப்பு, எட்டும் ஒரே நீளம், திரும்பக் கட்டும்போது கண்ணைக் கட்டும்.

பழைய வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. அறைக்கு அறை நியூட்ரல்களை ஜங்ஷன் பாக்ஸில் ஒன்றாக முறுக்கி விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் எந்த ஒயரைத் தொட்டாலும் கெட்டது போலக் காட்டும். அப்போது ஜங்ஷன் பாக்ஸ்களைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுண்ணாம்பு அடித்து அடித்து மூடியே தெரியாமல் போயிருக்கும், சுவரைத் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

20 அக்டோபர்

கிடைத்துவிட்டது!

சமையலறையில் ஃபிரிட்ஜ் பிளக் போடும் 15 ஆம்பியர் சாக்கெட். பிளேட்டைக் கழற்றி அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நியூட்ரல் திருகாணியிலிருந்து மேலே இருக்கும் பெரிய எர்த் துளையின் திருகாணிக்கு ஒரு கறுப்பு ஒயர் துண்டு, ஓர் அங்குலம் இருக்கும், இரு முனையிலும் ரப்பரைப் பல்லால் கடித்து உரித்த மாதிரி இருக்கிறது. அதன் மேல் ஒட்டடை. பக்கத்தில் புதிதாக இழுத்த பச்சை ஒயர் பளபளவென்று அதே எர்த் திருகாணியில். பச்சையைக் கட்டியவர் அந்தத் துண்டைப் பார்க்காமல் கட்டியிருக்க முடியாது. பார்த்தும் அது என்ன என்று கேட்கவில்லை.

அவருடைய அம்மா சொன்னாராம்: பல வருடங்களுக்கு முன் ஃபிரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்றிருக்கிறது. யாரோ வந்து "எர்த் கொடுத்துவிட்டேன்" என்று சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று வீட்டில் அறைகளுக்கு எர்த் ஒயரே கிடையாது. அவர் கொடுத்த எர்த் இந்தத் துண்டுதான்.

எர்த் ஒயர் இல்லாதவரை அது யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் பச்சை ஒயர் வந்ததும் அந்தத் துண்டு வழியாக வீட்டு நியூட்ரல் முழுவதும் எர்த் குழியோடு இணைந்துவிட்டது.

20 அக்டோபர், இரவு

"சுரீர் என்பது நின்றதே, அப்புறம் அதில் என்ன தப்பு?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

வெளியே கம்பத்திலோ, மீட்டருக்குப் பக்கத்திலோ நியூட்ரல் ஒயர் கழன்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஃபேஸ் வந்துகொண்டிருக்கும். எரிகிற பல்பு வழியாக அது நியூட்ரல் ஒயருக்கு வரும், திரும்பிப் போக வழியில்லை, அப்படியே நிற்கும். வீட்டு நியூட்ரல் முழுவதும் 230 வோல்ட். அந்த ஒயர் துண்டு வழியாக ஃபிரிட்ஜின் கதவும் கைப்பிடியும் 230 வோல்ட். பல்பு எரியாது, கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறப்பார்கள். காற்று மழையில் நியூட்ரல் அறுந்து விழுவது டெல்டாவில் புதிதா?

இன்னொரு வழியும் உண்டு. யாராவது போர்டு வேலை செய்யும்போது ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கட்டிவிட்டால் அடுத்த நொடியே ஃபிரிட்ஜ் உடம்பில் நேரடி ஃபேஸ். அந்த வீட்டில் அப்படி நடக்காமல் போனது அதிர்ஷ்டம்.

ஆர்சிசிபியைக் 'கழற்றி நேராகக்' கொடுத்திருந்தால் அந்தத் துண்டு இன்னும் அங்கேயே இருந்திருக்கும். அதற்கு மேல் அந்த எலக்ட்ரீஷியனைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. கோபம் வருகிறது.

22 அக்டோபர்

துண்டை எடுத்தபின் மாலைகளில் விழவில்லை. ஆனால் விடக் கூடாது என்று மெகர் (ஒயரின் காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொன்னேன். எலெக்ட்ரானிக் சாமான்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, எர்த்துக்கு எதிரே 500 வோல்ட் மெகர். எல்இடி விளக்குகளையும் கழற்றிவிடுவது நல்லது; ஒன்றிரண்டு உயிரை விடும், பழி மெகர் மேல் வரும்.

ஒவ்வொரு எம்சிபியின் கீழ் ஓடும் ஒயர் வரிசையும் 1 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். அந்த அளவில் கசிவது 0.23 எம்ஏ மட்டும். 30 எம்ஏ கசிய வேண்டுமென்றால் ஏறக்குறைய 7,700 ஓமுக்கு இறங்க வேண்டும். ஆக, ஒயர் சற்று ஈரம் என்பதாலேயே ஆர்சிசிபி விழாது. நன்றாகவே ஈரமாக இருக்க வேண்டும். அவர் வீட்டில் மொட்டை மாடி விளக்கு வரிசை மட்டும் 0.3. ஐப்பசி மழை பைப்புக்குள் இறங்கியிருக்கிறது. அதைத் தனியாகக் கவனிக்கிறார்.

25 அக்டோபர்

இன்வெர்ட்டர் வைத்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து: "கரண்ட் போன நேரத்தில் ஆர்சிசிபி விழுகிறது. கரண்டே இல்லாதபோது எப்படி விழும்?"

விழும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ஆர்சிசிபிகள் விழுவதற்கு வெளி மின்சாரம் தேவைப்படாதவை; கசிவு மின்சாரமே உள்ளே இருக்கும் காந்தத்தை விடுவிக்கும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டரின் நியூட்ரல் மட்டும் ஆர்சிசிபிக்குக் கீழே இருக்கிறது. ஃபேன், விளக்கு வரிசையின் நியூட்ரலை யாரோ ஆர்சிசிபிக்கு மேலே பழைய லிங்க்கிலேயே விட்டுவிட்டார். பேட்டரியிலிருந்து புறப்பட்டது விளக்கு வழியாகச் சுற்றி, ஆர்சிசிபியின் நியூட்ரல் பக்கம் மட்டும் நுழைந்து இன்வெர்ட்டருக்கு வருகிறது. ஃபேஸ் பக்கம் ஒன்றுமில்லை. ஆர்சிசிபி வேறென்ன செய்யும்?

இன்வெர்ட்டருக்குப் போகும் ஃபேஸ், நியூட்ரல், அதிலிருந்து ஓடும் வரிசைகளின் நியூட்ரல் எல்லாம் ஆர்சிசிபிக்கு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். புதுப் போர்டு வைக்கும் வீடுகளில் நான் கண்ட தொல்லைகளில் இதுவே அதிகம். போர்டு வைப்பவர் ஒருவர், இன்வெர்ட்டர் மாட்டுபவர் கடையிலிருந்து வரும் பையன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

1 நவம்பர்

தீபாவளி இரவில் எத்தனை வீட்டில் விழுந்தது என்று கேட்டால் இந்த இழை நிரம்பிவிடும் போலிருக்கிறது. பால்கனியில் சீரியல் விளக்கு, அதன் மேல் மழை, இணைப்பில் செல்லோடேப். ஆர்சிசிபி விழுந்தது அதன் கடமை. சீரியலைப் பிடுங்குங்கள், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

3 நவம்பர்

"ஒரு தப்பும் இல்லை, மெகரும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் வாரம் ஒரு தடவை விழுகிறது" என்பவருக்கு. சொட்டுச் சொட்டாகச் சேரும் கசிவு அது. வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், டிவி, இன்வெர்ட்டர் ஏசி எல்லாவற்றிலும் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை பழுதில்லாமலேயே கொஞ்சம் கொஞ்சம் எர்த்துக்கு விடும். வாஷிங் மெஷின் போன்ற நிலையான மோட்டார் சாதனத்துக்கு 3.5 எம்ஏ வரை தரமே அனுமதிக்கிறது. எல்லாம் கூடி 12, 13 எம்ஏ என்று நின்றுகொண்டிருந்தால், கரண்ட் வந்துபோகும் அதிர்வில் அல்லது இடியில் மிச்சமும் தாண்டிவிடும். வழக்கமாக ஓடும் கசிவை 9 எம்ஏவுக்குள், அதாவது 30 எம்ஏவில் 30 சதவீதத்துக்குள், வைத்துக்கொள்வது நல்லது.

அளக்க மில்லி ஆம்பியர் காட்டும் கசிவு கிளாம்ப் மீட்டர் வேண்டும். சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வளையத்துக்குள் விட வேண்டும். ஒன்றை மட்டும் விட்டால் வீட்டுச் சுமையைத்தான் காட்டும். கூடுதல் என்றால் 100 எம்ஏ பெட்டிக்குத் தாவாதீர்கள். வரிசைகளைப் பிரித்து இரண்டு மூன்று 30 எம்ஏ ஆர்சிசிபி அல்லது வரிசைக்கு ஓர் ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒன்றாகச் சேர்ந்தது) போடுங்கள். பிரிக்கும்போது நியூட்ரலையும் அதற்கேற்பப் பிரிக்க வேண்டும். 11-ஆம் தேதி எழுதிய மாடிப்படிக் கதையைப் படியுங்கள்.

இன்வெர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின் இருக்கும் வரிசைக்கு 'ஏ' வகை ஆர்சிசிபி வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பது 'ஏசி' வகை (இந்த ஏசி மாறுமின்சாரம், குளிர்சாதனம் அல்ல). இந்த மெஷின்கள் கசியவிடும் நேர்மின்சாரம் கலந்த அலையில் அது விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போகக்கூடும். அது தொல்லை கொடுக்காமல் நிற்பதை நல்லதென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

9 நவம்பர்

மூன்று சில்லறைக் கேள்விகள் மிச்சம்.

கிரைண்டர் போட்டதும் விழுவது ஆர்சிசிபி இல்லை, எம்சிபி என்கிறவருக்கு: எம்சிபியின் முகத்தில் பி6 என்று இருக்கிறதா பாருங்கள். 'பி' வகை, எழுதிய ஆம்பியரின் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கில். மோட்டார் கிளம்பும்போது இழுப்பை 'பி' தாங்காது. ஒயரின் தடிமனுக்கு ஏற்ற அதே ஆம்பியரில் 'சி' போடுங்கள், ஆம்பியரை ஏற்றாதீர்கள். கிளம்பிக் கால் மணி நேரம் கழித்து விழுந்தால் கதை வேறு. எம்சிபியின் திருகாணி தளர்ந்து சூடாகிறதா பாருங்கள். எம்சிபிகளை 30 டிகிரி வெப்பத்துக்குத்தான் அளந்து விற்கிறார்கள், சித்திரை மாதத்தில் மூடிய டிபிக்குள் அந்த 30 எங்கே கிடைக்கும்?

டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறது, அதனால் எர்த் நன்றாக இருக்கிறது என்று எழுதியவருக்கு: இல்லை. அந்தப் பொத்தான் உள்ளேயே ஒரு மின்தடை வழியாகக் கணக்கைக் குலைத்துப் பார்க்கிறது. எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் விழும். பெட்டி வேலை செய்கிறது என்பது மட்டும் அதில் தெரியும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள்.

மூன்று ஃபேஸ் வீட்டில் ஃபேஸுக்கு ஓர் இரண்டு போல் ஆர்சிசிபி வைத்திருக்கிறார், ஃபேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்பினால் விழுகிறது என்கிறார் கடைசியாகக் கேட்டவர். உங்கள் சுவிட்ச் ஆர்சிசிபிகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஃபேஸை ஓர் ஆர்சிசிபியிலிருந்தும் நியூட்ரலை இன்னொன்றிலிருந்தும் எடுக்க வைக்கிறீர்கள். சுவிட்சை ஆர்சிசிபிகளுக்கு முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். மீட்டர் பக்கத்து சீலை மட்டும் உங்கள் ஆட்கள் தொடக் கூடாது, அது மின்வாரியத்தின் வேலை.